தேசவழமையிற் பெண் என்னும் சொல்

வடமராட்சியிலே ஒரு காணியின் பழைய உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிப்போர் ஒரு புதுமையைக் காண்பர். காணி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. வேலியும் பனையும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உறுதிக்கு உறுதி அப்படியே எழுதப்படுகின்றன. ஆயினும் பாட்டன் இறந்து தந்தைக்கு இறங்கியபோது 'முதுசம்' எனப் பெயர்பெற்ற அதே நிலம், தந்தை தன் மகளுக்கு மணக்காலத்தில் எழுதிக் கொடுத்தபோது 'சீதனம்' ஆகின்றது. அம்மகள் காலஞ்சென்றபின் அவள் மகன் கையில் மீண்டும் முதுசமாகின்றது. மகப்பேறில்லாத சிறிய தந்தையிடமிருந்து வந்திருப்பின் அதன் பெயர் 'உரிமை'. கணவன் மனைவியர் மணவாழ்விலே தேடிக்கொண்டதாயின் 'தேடியதேட்டம்'. மண்ணுக்கு இத்தனை பெயர் இருத்தல் வேண்டாம். பெயர் மண்ணைப் பற்றியதன்று. அது யார் கையிலிருந்து, எந்த உறவால், எந்த வேளையில் வந்தது என்பதைப் பற்றியது. அந்த உறவுகளுள்ளே தலையாயது ஆண், பெண் என்னும் பகுப்பு.

'பால்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் பகுப்பு, பங்கு என்பனவே அடிப்படைப் பொருள்கள். ஆண்பால், பெண்பால் என இலக்கணம் பேசும்போதும், பாத்தியம் பங்கு என உறுதி பேசும்போதும் அடியிலுள்ள எண்ணம் ஒன்றே. தொல்காப்பியர் உயர்திணையை முப்பாலாகப் பகுத்தவர், அப்பகுப்பிற்குள் எளிதில் அடங்காத பேடியையும் மறந்துவிட்டாரில்லை. அப்பெயர் எவ்வாறு முடிபு கொள்ளும் என்பதற்கு இடம் வகுத்தார். இலக்கணம் உலகிற் கண்டதற்கு விதி செய்தது. சட்டமோ சிலவேளை விதியைச் செய்துவிட்டு, உலகம் அதற்கேற்ப நிற்க வேண்டும் என்கின்றது.

இந்த வேறுபாட்டினையே இக்காலப் பெண்ணியச் சட்ட ஆய்வாளர் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டனர். உடலாற் பெறப்படுவது பால். சமுதாயத்தால் ஏற்றப்படுவது பால்நிலை என்று பிரித்துப் பேசும் வழக்கு இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் நிலைபெற்றுவிட்டது. 1949 ஆம் ஆண்டில் சிமோன் த போவா பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் இதற்கு ஒரு வாயிலைத் திறந்தது. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கதரின் மக்கினனும் இங்கிலாந்திற் கரோல் சிமார்ட்டும் வெளியிட்ட நூல்கள் வினாவைச் சட்டத்தின் மீதே திருப்பின. சட்டம் பெண்ணுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்பது பழைய வினா. பெண் என்று ஒருத்தியைச் சட்டம் எவ்வாறு ஆக்கிக் கொள்கின்றது என்பது புதிய வினா. சிமார்ட் அம்மையார் சிறப்பாக வற்புறுத்துவது இதனையே: சட்டம் முன்னரே உள்ள ஒரு பெண்ணிடம் வந்து விதி கூறுவதில்லை, விதி கூறும் செயலிலேயே அவளை ஒரு வகையினளாக வனைந்துவிடுகின்றது.

இவ்வினாவுக்கு மேல்நாட்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டுகளைத் தம் நீதிமன்றங்களிலே தேடினர். யாழ்ப்பாணத்தவர் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துருவில் நிற்கும் தேசவழமை நம் வீட்டுப் பெட்டகத்து உறுதிகளிலேயே இருக்கின்றது. அதனைப் பாராட்டியோரும் பழித்தோரும் பலர். அது பெண்ணை எங்ஙனம் வரையறுக்கின்றது என்று வாசித்தோர் சிலரே.

முதலில் நூலின் பிறப்பை நோக்குதல் தகும். ஒல்லாந்தர் ஆட்சியிலே, தேசாதிபதி கோர்னேலிஸ் யோவான் சீமொன்சின் ஆணைப்படி 1706 ஆம் ஆண்டிலே தொடங்கி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்சு என்பவர் இத்தொகுப்பினைச் செய்தார். 1707 ஆம் ஆண்டு சனவரியில் அதனை முடித்தார். பின் அது தமிழிற் பெயர்க்கப்பட்டு முதலியார்கள் பன்னிருவர் முன் வைக்கப்பட்டது. அவர்கள் பார்த்து, வழக்கத்தோடு ஒத்திருக்கின்றதென ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

இவ்வரலாற்றினை நம்மவர் பெருமையோடு கூறுவதுண்டு; பெருமைக்கு இடமும் உண்டு. அந்நிய அரசு ஒன்று வந்த இடத்து வழக்கத்தைக் கேட்டறிந்து எழுதிவைத்தல் சிறு செயலன்று. ஆனால் யாரிடம் கேட்டது? எழுதியவர் ஓர் ஆடவர். ஒப்பியவர் பன்னிருவரும் ஆடவர். அவருள் நிலமில்லாதவர் ஒருவர் இருந்திருப்பார் என்று எண்ண இடமில்லை. சீதனத்தைப் பெற்று, காத்து, மகளுக்குக் கொடுத்து வந்தவர் பெண்கள். அவ்வழக்கத்தின் நுணுக்கம் அவர்கள் நாவிலும் நினைவிலும் இருந்தது. அவர்களுள் ஒருத்தியும் சாட்சி கூற அழைக்கப்பட்டாளல்லள். ஆதலின் தேசவழமை என்னும் நூல் தேசத்தின் வழமை முழுவதுமன்று; தேசத்தின் ஒரு பாலார் கூறிய வழமை என்க.

இன்னுமொன்று. அத்தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. ஓர் உடையவரின் அடிமையாண் இன்னோர் உடையவரின் அடிமைப்பெண்ணை மணந்தால், பிள்ளைகள் பெண்ணின் உடையவருக்கே சேர்வர் என்பது விதி. சீதனப் பகுதியிலே பெண் என்பவள் சொத்தைப் பெறுபவள். அடிமைப் பகுதியிலே பெண் என்பவள் சொத்தைப் பெறும் வாயில், அவளே சொத்து. ஒரே நூலில், சில ஏடுகள் இடைவிட்டு, பெண் என்னும் ஒரே சொல் இவ்வாறு இரு பொருள்படுகின்றது. இலங்கையில் அடிமை முறை 1844 இல் ஒழிந்தது. எனினும் தேசவழமை தமிழ்ப் பெண்ணுக்குச் சொத்துரிமை அளித்தது என்று பேசுவோர், எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்வாராயின் வரலாற்றுக்கு நேர்மை செய்தவராவர்.

சீதனப் பகுதியின் பழைய அமைப்பில் ஓர் ஒழுங்கும் அழகும் உண்டு என்பதை மறுத்தல் இயலாது. கணவன் கொணர்ந்தது முதுசம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் தேடியது தேடியதேட்டம். பண்டைக் காலத்திலே தந்தையின் முதுசம் புதல்வருக்கும் தாயின் சீதனம் புதல்வியருக்கும் சென்றன. தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. இரு நீரோடைகள் ஒரு வயலிற் கலந்து மீண்டும் பிரிவது போன்ற ஏற்பாடு. ஆட்சிகள் மாறிய காலத்திலே, சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்திலே, இவ்வொழுங்கு கலங்கியது என்று அத்தொகுப்பே கூறுகின்றது: மகளுக்குக் கொடுக்கும் சீதனம் தாயின் சீதனத்திலிருந்து மட்டுமன்றித் தந்தையின் முதுசத்திலிருந்தும் தேடியதேட்டத்திலிருந்தும் எடுக்கப்படலாயிற்று. அதற்கு ஈடாக, சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தைச் சகோதரருக்கு விட்டு விலக வேண்டியவளானாள்.

இம்மாற்றத்தை உற்று நோக்கின் மகள் என்பவளின் இலக்கணமே மாறியது புலனாகும். முன்னையோள் தாய்வழிச் சொத்தின் வாரிசு. பின்னையோள் மணத்தோடு கணக்குத் தீர்க்கப்பட்டவள். கொடுக்கப்பட்ட நிலம் முன்னிலும் மிகுதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவள் நின்ற இடம் வேறு. சீதன உறுதி எழுதியும் பத்தாண்டுக்குள் அந்நிலத்தை ஆட்சியில் எடாதோர் அதனை இழப்பர் என்னும் விதியையும் இதனோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். தந்தையிடமோ சகோதரனிடமோ சென்று 'என் காணியை விட்டுத் தருக' என்று கேட்கத் துணிந்த மகளுக்கே சீதனம் சீதனமாக நின்றது. கேட்க நாணியவளுக்கு அது தாளாக நின்றது.

தேசவழமையைப் பாராட்டுவோர் வழக்கமாகக் காட்டும் சான்று இங்கிலாந்து. மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் உரிமையை ஆங்கிலச் சட்டம் முழுமையாக அளித்தது 1882 ஆம் ஆண்டிலேதான். யாழ்ப்பாணத்து மனைவியின் சீதனமோ அதற்கு நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் ஏறிவிட்டது. இப்பெருமை பொய்யன்று. ஆயினும் உடைமை வேறு, ஆளுகை வேறு. பெட்டகம் ஒருவர் பெயரிலும் திறவுகோல் இன்னொருவர் இடுப்பிலும் இருக்கலாம். அத்தொகுப்பின் நன்கொடைப் பகுதி, மனைவி கணவனின் விருப்பத்துக்கு அமைந்தவளாதலின் அவன் சம்மதமின்றி எதனையும் கொடுத்தல் கூடாது என்கின்றது; கணவனோ மனைவி மக்களைக் கேளாமலே தன் முதுசத்திற் பத்திலொரு பங்குவரை கொடுக்கலாம். அவனுக்கு அளவு விதிக்கப்பட்டது; அவளுக்கு வாய் அடைக்கப்பட்டது.

இவ்விடத்தில் 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டத்துக்கு வருதல் வேண்டும். இன்று உறுதி எழுதும் நொத்தாரிசு பார்ப்பது பெரும்பாலும் இதனையே. இதன் 6 ஆம் பிரிவு நன்றாகத் தொடங்குகின்றது. மணமாகும் பெண்ணின் சொத்து அவளுக்கே உரிய தனிச்சொத்து. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அவள் மணமாகாதவளைப் போல அதனைக் கையாளலாம். இங்கே நிறுத்தியிருப்பின் அது ஒரு சிறந்த விதி. ஆனால் அது நிற்கவில்லை. அசையும் பொருளைக் கணவன் சம்மதமின்றி விற்கலாம். அசையாப் பொருளை அவனுடைய எழுத்து மூலச் சம்மதத்தோடு மட்டுமே விற்கலாம். இறுதி விருப்பாவணத்தால் எழுதுவதற்கோ சம்மதம் வேண்டியதில்லை.

இம்மூன்று பகுதிகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் நகைப்பு வருகின்றது. சங்கிலியையும் காப்பையும் விற்கத்தக்க அறிவு அவளுக்கு உண்டு என்று சட்டம் ஒப்புகின்றது. தான் இறந்தபின் நிலம் முழுவதும் யாருக்குச் செல்ல வேண்டும் என்று தனித்து முடிவுசெய்யும் அறிவும் உண்டு. உயிரோடிருக்கும்போது இரண்டு பரப்புத் தோட்டக்காணியை ஈடுவைக்க மட்டும் அவளுக்கு அறிவு போதாது. இறந்தவளுக்கு முழு ஆள்மை. இருப்பவளுக்கு முக்காற் பங்கு.

உண்மையில் அறிவைப் பற்றிச் சட்டம் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நாற்பது வயது நிரம்பிய மணமாகாத ஓர் ஆசிரியை பருத்தித்துறையில் உள்ள தன் வீட்டை இன்று காலையில் எவரையும் கேளாது விற்கலாம். மாலையில் அவள் மணம்புரிந்தால் நாளைக் காலையில் விற்க முடியாது. கணவன் இறந்த மறுநாள் மீண்டும் விற்கலாம். உடல் அதுவே, கல்வி அதுவே, கையொப்பமும் அதுவே. ஆகவே இச்சட்டம் தடுப்பது பெண்ணையன்று, மனைவியை. ஆண் எவனும் எந்நிலையிலும் இவ்வாறு தடுக்கப்படாமையால் மனைவி என்னும் சொல்லின் வழியாகப் பெண்ணை. பெண்ணியச் சட்ட ஆய்வாளர் 'பால்நிலை' என்று கூறுவதன் பொருளை இதனிலும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு மேல்நாட்டு நூல்களிற் கிடைப்பது அரிது.

3 ஆம் பிரிவு இன்னும் வியப்பிற்குரியது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆடவனை மணந்தால், மணம் நிலைக்கும் வரை அவள் அச்சட்டத்துக்கு உட்பட்டவளல்லள். உட்படாத பெண் உட்பட்ட ஆடவனை மணந்தால், மணம் நிலைக்கும் வரை உட்பட்டவள். யாழ்ப்பாணத்தான் எவரை மணந்தாலும் யாழ்ப்பாணத்தானே. யாழ்ப்பாணத்தாளோ கணவன் எவனோ அவனைச் சார்ந்தவள். பால் மட்டுமன்று, ஊரும் வழக்கும் மரபும்கூட அவளுக்குத் தாலியோடு வந்து தாலியோடு போவன.

இப்பிரிவுகளை நம் பண்பாட்டின் அரண் எனக் காப்போர் உளர். அவர்கள் ஒன்றைக் கருதல் வேண்டும். எழுத்து மூலச் சம்மதம் பற்றிய அச்சொற்றொடர் முதலியார்களின் ஏட்டிலிருந்து வந்ததன்று. வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தாதது என்று ஒதுக்கப்பட்ட 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பொது விவாகச் சொத்துச் சட்டத்தில் அது முன்னரே காணப்படுகின்றது. அங்கிருந்த வாசகமே முப்பத்தைந்து ஆண்டு கழித்து இங்கு வந்து அமர்ந்தது. அதன் பின்னணி ஒல்லாந்து நாட்டு உரோமச் சட்டத்திற் கணவனுக்கு இருந்த ஆளுகை. பின் என்ன நிகழ்ந்தது? 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துச் சட்டம் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களை அத்தளையிலிருந்து விடுவித்தது. கண்டியர், முசிலிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் ஆகியோருக்கு அது பொருந்தாது என விலக்கப்பட்டது. பிறர் அணிந்து, பழையதென்று களைந்த சட்டையைக் குலச்சின்னமென்று போற்றி வைத்திருக்கின்றோம். நீதியரசர் தம்பையா போன்றோர் தேசவழமையின் மூலங்களைப் பெருமுயற்சியோடு ஆராய்ந்து எழுதியிருக்கவும், எது வழமை, எது இடையில் ஒட்டியது என்று பிரித்தறியும் முயற்சி பொதுமக்கள் வாதத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

(அக்காலத்தில் அரசியலாள்மைக்கும் சொத்தாள்மைக்கும் இடையில் இருந்த தூரமும் நினைக்கத்தக்கது. டொனமூர் யாப்பின் கீழ் 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். வாலிப காங்கிரசின் பகிட்கரிப்பால் பருத்தித்துறை உட்பட வடபகுதித் தொகுதிகள் நான்கும் வெறிதே கிடந்தன. 1934 இலேதான் இத்தொகுதிக்குத் தேர்தல் நடந்தது, ஜீ. ஜீ. பொன்னம்பலம் தெரிவானார். அன்று ஒரு மனைவி, நாட்டை ஆள்பவரை யாரையும் கேளாது தெரிவுசெய்யலாம். தன் வளவின் கோடிப்புறத்தை யாரையும் கேளாது விற்றல் இயலாது. இரண்டாவது இன்றும் அவ்வாறே.)

பெண்ணியர் வாதத்துக்குத் தேசவழமை இன்னொரு பாடமும் தருகின்றது. அது தேடியதேட்டம் பற்றியது. 1911 இன் சட்டம் அதனைக் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவென்றது. எவர் தேடினும், எவர் பெயரில் இருப்பினும், இருவரும் சமபாத்தியர். 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் இவ்வரிகளை அகற்றியது. அதன்பின் ஒருவரின் தேடியதேட்டம் என்பது, அவர் மணக்காலத்திலே தம் தனிச்சொத்தைச் செலவிடாது பெறுமதி கொடுத்து வாங்கியதும், தம் தனிச்சொத்தின் வருவாயும் மட்டுமே. அவர் எழுதிக் கொடாது எஞ்சியிருந்தால், அவர் இறக்கும்போது அதிற் பாதி மற்றவருக்குச் சேரும். திருத்தத்தின் பின்னும் மற்றவருக்குப் பாதி உடனே உரித்தாகுமா என்பது பல்லாண்டு வாதிக்கப்பட்டது. ஆகாது என்னும் முடிபையே 1986 இல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டது.

திருத்தத்தின் சொற்களைப் பாருங்கள். ஆண் என்று ஒரு சொல் இல்லை; பெண் என்று ஒரு சொல் இல்லை. கணவனுக்கும் மனைவிக்கும் பொருந்தும் பொதுச்சொல்லே எங்கும். 6 ஆம் பிரிவு வெளிப்படையாகப் பால் குறித்தது. இது பாலையே குறிப்பதில்லை. மேற்போக்கில் வாசிப்போர் இதனைச் சமத்துவம் என்பர். ஆனால் 'பெறுமதி கொடுத்து வாங்கியது' என்னும் சொற்றொடரிலே யார் நிற்கின்றார், யார் விழுகின்றார்? கொழும்பில் எழுதுவினைஞராக இருந்து மாதந்தோறும் பணம் அனுப்பிய கணவன் காணி வாங்கினான். அவன் பெற்றோரைப் பேணி, பிள்ளைகளைப் படிப்பித்து, தோட்டத்துக் கூலிக்கு உணவு சமைத்து, செலவிற் சிக்கனம் பிடித்து அப்பணத்தை மிச்சமாக்கியவள் மனைவி. சமைத்த சோற்றுக்கு உறுதி எழுதப்படுவதில்லை. பொதுச்சொல்லால் எழுதப்பட்ட சட்டம் அவளை வாழ்க்கைத்துணை என்று மதித்து, வாங்காதவள் என்று விலக்கிவிட்டது. பழைய முதலியார்களின் வழமை இவ்விடத்தில் இவளுக்குக் கூடுதலான நீதி செய்தது என்பதை ஒப்புக்கொள்ளப் பெண்ணியர் தயங்குதல் வேண்டாம். தயங்கினால் அவர்தம் வாதமே குன்றும்.

இதனாலேயே, பால் குறிக்கும் சொற்களை அகற்றிவிட்டால் போதும் என்னும் சீர்திருத்தவாதம் நிறைவுடையதாகத் தோன்றவில்லை. பொதுச் சட்டமும் இவ்விடயத்தில் தூய்மையானதன்று. அரச காணிகள் பற்றிய 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயர் குறிக்கப்படாவிடத்து வாரிசு வரிசையில் ஆண்மக்களை முன்வைத்தது. 2022 வரை அது திருத்தப்படவில்லை. தேசவழமையை நீக்கிப் பொதுச் சட்டத்தை நிறுவினால் எல்லாம் செம்மையாகும் என்று கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

சட்டத்துக்குப் புறம்பே வளர்ந்த வழக்கமும் ஒன்று உண்டு. சீதனம் சட்டப்படி மகளின் சொத்து. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டின் தடைச்சட்டம் எதிர்கொண்ட வரதட்சணையிலிருந்து அது இவ்வகையில் வேறானது. ஆனால் யாழ்ப்பாணத்தார் இனாம் என்றும் டொனேசன் என்றும் பெயரிட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் ரொக்கம் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. அது மகளுக்குச் சேர்வதில்லை. பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாக நகர்ந்துவிடுகின்றது. சீதனக் காணி குறுகியதோறும் இனாம் பெருகியது. தேசவழமை இதனை அறியாது. பெண்ணியச் சட்ட ஆய்வும், எழுத்திலுள்ள பிரிவுகளையே நோக்குமாயின், இதனைக் காணாது.

1978 இன் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பாலை ஏதுவாகக் கொண்டு பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. 16 ஆம் உறுப்புரையோ, யாப்புக்கு முன்னிருந்த எழுதிய, எழுதாச் சட்டங்கள் அனைத்தும் அடிப்படை உரிமைகளோடு முரணினும் வலுவுடையன என்கின்றது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கை பிடித்துக்கொண்டது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றது. அதன் குழுவிலே பணியாற்றிய பேராசிரியர் சாவித்திரி குணசேகர போன்ற அறிஞர் நம் நாட்டிலேயே இருந்தனர். எனினும் 6 ஆம் பிரிவு அசையவில்லை.

பால் என்பது யாது என்னும் வினா இன்று உலக நீதிமன்றங்களிலே உரத்து ஒலிக்கின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல், தம் பால்நிலையைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை திருநங்கையர் முதலானோருக்கு உண்டென்றது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2025 இல், அங்குள்ள சமத்துவச் சட்டத்திற் பெண் என்னும் சொல் பிறப்புப் பாலையே குறிக்கும் என்றது. இலங்கையிலே பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் ஒன்று யாப்போடு முரண்படுவதாக 2024 இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. ஒரு சாரார் உடலைச் சுட்டுகின்றனர். ஒரு சாரார் உள்ளத்தைச் சுட்டுகின்றனர். அவ்வாதத்தின் நன்மை தீமை எவ்வாறாயினும், தேசவழமையின் வினா இரண்டுமன்று. 'இவள் பெண்ணா' என்று அது கேட்பதில்லை. 'இவள் யாருடைய மனைவி' என்று கேட்கின்றது. உடல் பற்றியும் உள்ளம் பற்றியும் எழுந்த மேல்நாட்டுக் கோட்பாடுகளை அப்படியே பெயர்த்து வந்து இங்கு பொருத்த முயல்வோர் இவ்வினாவைத் தவறவிடுகின்றனர்.

அவ்வினாவுக்கு விடை கூற முடியாத பெண்கள் இன்று வடபுலத்தில் உளர். 1911 இன் சட்டத்தில் 8 ஆம் பிரிவு ஒன்று உண்டு. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், ஈராண்டுக்கு மேல் சிறையிலிருந்தால், சித்தசுவாதீனமற்றிருந்தால், அவன் இருப்பிடம் அறியப்படாதிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் கணவனின் சம்மதத்துக்கு ஈடாக மன்றின் அனுமதியைப் பெறலாம். அவ்விதியை எழுதியோர் மனத்தில் இருந்தவன் கடல் கடந்து சென்று கடிதம் எழுதாத கணவனாக இருக்கலாம். 2009 இல் முடிவுற்ற போரின்பின் 'இருப்பிடம் அறியப்படாத' என்னும் சொற்களுக்கு வேறு கனம் வந்துவிட்டது.

மகளின் மணத்துக்கோ மகனின் கல்விக்கோ தன் சீதனக் காணியிற் பாதியை விற்க எண்ணும் அத்தகைய மனைவிக்கு வழிகள் இரண்டு. 2010 ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகளின் கீழ்க் கணவனுக்கு மரணச் சான்றிதழ் பெற்றால் அவள் சட்டப்படி விதவை. மறுநாளே தனித்துக் கையொப்பமிடலாம். அவன் இறந்தான் என்று எழுதிக் கொடுக்க மனம் ஒப்பாதோருக்காக 2016 இல் காணாமற்போனமையைச் சான்றுபடுத்தும் பத்திரம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெற்றவள் மனைவியாகவே நிற்கின்றாள். மனைவியாக நிற்பதால் நிலத்துக்கு அவன் சம்மதம் வேண்டும். அவன் இல்லாமையால் மன்று வேண்டும். வழக்கறிஞர் கூலியும் தவணைகளும் வேண்டும். விண்ணப்பத்திலே தன் கணவனின் இருப்பிடம் தனக்குத் தெரியாது என்று சத்தியக்கடதாசி முடித்தல் வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேடி அவள் அலுவலகங்களின் வாயிலிலே பல்லாண்டு நின்றாளோ, அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதை அவளே எழுதி, அதன்கீழ்த் தன் கையொப்பத்தை இட்டால், அவள் தாய் அவளுக்குக் கொடுத்த காணியை விற்க அவளுக்கு அனுமதி கிடைக்கும்.